கயிற்றில் கட்டிய கார்

போரால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த என் பழைய கார் கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. தெரிந்த ஒருவர் தன் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து கராஜில் விடுவதாகச் சொன்னார். கிடைத்தது ஒரு கிணற்றுக் கயிறு. அறாமல் இருக்க அதை இரட்டையாக மடித்துக் கட்டியதில் இரண்டு வாகனங்களுக்கும் நடுவே இடைவெளி குறைந்துவிட்டது.

உழவு இயந்திரத்தின் இரைச்சலில் நான் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. "நான் முன்னுக்கு இருந்து சொல்லுறன், நீங்கள் ஸ்டியரிங்கைப் பாருங்கோ அத்தான்" என்று என் மனைவியின் தம்பி காரின் முன்மூடியான பொனற்றில் ஏறி, கால்களை பம்பரில் வைத்துக்கொண்டான்.

பாதி வழியில் ராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. கேட்டால் போட்டது போட்டபடி இறங்கிப் படுப்பதுதான் எங்கள் எல்லோரினதும் பழக்கம். முன்னால் போனவர் சட்டென்று நிறுத்திவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தார். மச்சானும் நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பிரேக்கை மிதிக்கும் முன்பே கார் உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் மோதிவிட்டது.

"அத்தான், காலை எடுக்க ஏலாமல் கிடக்கு" என்றான் அவன், மெதுவாக.

ஹெலி சுடாமலே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது எந்த வாகனத்தை இழுப்பதென்றாலும் கயிறு கட்ட நான் விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நீளமான பனந்தடி ஒன்றை இறுக்கிக் கட்டுகிறேன்; முன்னது சட்டென்று நின்றாலும் பின்னது போய் மோதாது. பொனற்றில் ஒருவரையும் ஏற்றுவதில்லை. "ஹெலி வந்தாலும் மெல்லமாய் நிப்பாட்டுங்கோ" என்று சொன்னால் எல்லோரும் "ஓம்" என்கிறார்கள். சத்தம் கேட்ட பிறகு அது ஒருவருக்கும் நினைவிருக்காது. எனக்கும்தான். அதனால்தான் தடி.