சித்தியின் உடம்பு

சித்தியின் ரவிக்கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்து, கடைசியில் அக்குளுக்குக் கீழே வேறு நிறத்தில் பட்டை கொடுத்துத் தைத்திருப்பாள். அதே ரவிக்கையின் கைகளோ தொளதொளவென்று தொங்கும். அவற்றை உள்ளே பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. தின்று பெருத்த உடம்பு என்றால் கையும் சேர்ந்துதானே பெருக்க வேண்டும்? எங்கள் குடும்பம் துணி விற்றுப் பிழைத்த குடும்பம். இருட்டில் தடவிப் பார்த்தே இது இன்ன ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார்கள். அந்த ரவிக்கையைக் கொடியில் பார்த்த ஒருவருக்கும் இந்தச் சின்னச் சந்தேகம் வரவில்லை.

சித்தி என்றால் என் சித்தப்பாவின் மனைவி. அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர்கள். கடைக்குப் பின்தெருவில் வீடு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அந்த அடுப்பும் சாவிக்கொத்தும் அம்மாவின் கையில் இருந்தன. அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி வந்தபோது சித்தி காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தாள். போதாக்குறைக்கு மூச்சிளைப்பு வேறு. மழைக்காலம் வந்தால் படுக்க முடியாது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். அவள் மூச்சை இழுக்கும் சத்தம் அடுத்த அறையில் படுத்திருக்கும் எங்களுக்குக் கேட்கும். "நோஞ்சானப் பாத்து நம்ம தலையில கெட்டிட்டாவ" என்று அம்மா அவள் காதுபடவே சொல்வாள்.

பனகல் பார்க் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். மருந்தின் பெயரை யாருக்கும் சொல்லமாட்டார், சீட்டும் எழுதித் தரமாட்டார். தடுப்புக்குப் பின்னால் கம்பவுண்டர் மாத்திரைகளைப் பொடித்து, வெள்ளைத் தாளில் பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுப்பார். காலையில் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். சித்தப்பா ஒருநாள் சித்தியை அவரிடம் அழைத்துப் போனார். அந்த வாரமே இளைப்பு போன இடம் தெரியவில்லை. சித்தி காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். கடையில் வேலை பார்ப்பவர்கள் முதற்கொண்டு அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கொஞ்ச நாளில் சித்திக்கு உடம்பு பூச ஆரம்பித்தது. முகம் உருண்டு, கன்னம் சிவந்து, புதுப்பெண் களை அப்போதுதான் வந்தது. ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயில் கை வைத்தாள். "இன்னாம்மே, வந்தப்போ நெத்திலிக் கருவாடாட்டம் இருந்த! இப்போ மூஞ்சி நிலா கணக்கா கீதே!" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் எங்கள் வீட்டுச் சோறு செய்த வேலை என்றாள். கடையும் அந்த வருடங்களில் நன்றாக ஓடியது. அப்பா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சித்தியைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, கடையின் வெள்ளை மெத்தையில் உட்கார வைத்து, முதல் போணியை அவள் கையால் செய்யச் சொன்னார். ஒல்லியானவள் உட்கார்ந்தால் பார்க்கிறவனுக்குத் திவாலாகப் போகிற கடை என்று தோன்றுமாம். நன்றாகப் பூசினாற்போல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அதுவே லட்சுமி கடாட்சமாம்.

லட்சுமி அதோடு நிற்கவில்லை. வயிறு சரிந்தது. பிடரியில் ஒரு திமில் வந்தது. வயிற்றிலும் தொடையிலும் கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வெடித்திருப்பதை, அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போது நான் பார்த்திருக்கிறேன். கதவில் லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப் போகும். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. மாதவிலக்கு நின்றே போனது. குழந்தை தங்கியிருக்கிறது என்று வீடு ஒருமுறை ஏமாந்து, அந்தக் கோபத்தையும் அவள்மேலேயே காட்டியது. இதெல்லாம் சோம்பேறித்தனமும் வாய்ருசியும் கொண்டுவந்த கேடு என்று முடிவாகிவிட்டது. பொடியை யாரும் சந்தேகிக்கவில்லை. இளைப்பைப் போக்கிய மருந்தல்லவா அது. மாதம் தவறாமல் சித்தப்பாவே போய் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை மெத்தை முதலில் போனது. வாடிக்கையாளர்கள் நடக்க இடமில்லை என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்ததாக அம்மா தின்பண்ட அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். சித்திக்கு ஒரு கரண்டிச் சோறு, அதற்குமேல் கிடையாது. ஆனால் சித்திக்குப் பசித்தது. எப்போதும் பசித்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள் அடுப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அக்கா, பசிக்குதுக்கா" என்று கேட்பாள். "அது பொய்ப்பசி. ஒரு செம்புத் தண்ணியக் குடி, அடங்கிரும்" என்பாள் அம்மா. ஒருநாள் மத்தியானம், விளக்கப் போட்டிருந்த சோற்றுப் பானையின் அடியில் ஒட்டிய காந்தலை நகத்தால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதுதான் பேச்சு. சித்தப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த மனுஷனுக்கு வாய் சாப்பிட மட்டும்தான் இருந்தது.

ஒருமுறை எல்லோரும் வடபழனி கோயிலுக்குக் கிளம்பினோம். தெருமுனை ரிக்‌ஷாக்காரர் சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், இந்தம்மாவ நான் இஸ்துக்கினு போனா, அப்பால என்னிய எவன் இஸ்துக்கினு வருவான்?" என்றார். அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், சித்தப்பாவும் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். "நான் நடந்தே வரேன் நைனா, நீ பொழச்சுப் போ" என்று அவரிடமே வேடிக்கையாகச் சொன்னாள். பாதி வழியில் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் போகாமலேயே திரும்பிவிட்டாள்.

அந்த வருடம் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு அம்மா ஒரு யோசனை சொன்னாள். சித்தி கந்த சஷ்டி விரதம் இருக்கட்டும். ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. முருகன் பிள்ளையும் கொடுப்பான், உடம்பும் வற்றும். எங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் அப்படி இருப்பது வழக்கம்தான். சித்தி உடனே சம்மதித்தாள். பிள்ளை இல்லையென்றால் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு ஊரில் ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். முதல்நாள் காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, பொடிய மட்டும் போட்டுக்கிடட்டுமா?"

"தேன்ல கொழச்சுத் திங்கிறதுக்குப் பேரு விரதமா? மருந்தும் ஆகாரந்தான். முருகன விடவா அந்த டாக்டர் பெரியவரு?"

சித்தி பொட்டலத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் எப்படியோ ஓட்டினாள். பிறகு எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் பித்தம் புரட்டுகிறது என்றார்கள். இளைப்பு மறுபடி தலைகாட்டியது. முருகன் சோதிக்கிறான் என்றார்கள். தலை தொங்கி, கண் சொருகி, ஏதோ முணுமுணுத்தபோது பக்கத்து வீட்டுக்காரி அருள் வந்திருக்கிறது என்று சொல்லி விபூதி பூசினாள். நான் அருகில் போய்க் காதை வைத்துக் கேட்டேன். அருளும் இல்லை ஒன்றும் இல்லை. "உப்புப் போட்டு ஒரு மடக்கு மோரு குடுங்கக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, முடியைக் கோதிவிட்டாள். அதையும் சொல்ல வேண்டும், கோதித்தான் விட்டாள். "நாளைக்குச் சூரசம்ஹாரம். இம்புட்டு நாளு இருந்துட்ட, ஒரு நாளு பொறுத்துக்கிட மாட்டியா?" என்றாள்.

சித்தி பொறுத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

டாக்டரை அழைத்து வந்தார்கள். நாடியைப் பார்த்துவிட்டு, "பொடியை நிறுத்தலையே?" என்று கேட்டார். அந்தத் துக்கத்திலும் அம்மா பெருமையோடு, "ஆறு நாளா விரதம் சார். மருந்துன்னு ஒரு பொட்டுத் தொடல" என்றாள். டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இவ்வளவு கொழுப்பைச் சுமந்துகொண்டு இதயம் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சூரசம்ஹாரத்தன்று உயிர் விட்டவள் என்று சித்திக்குத் திடீர் மரியாதை வந்தது. கொடுத்து வைத்தவள் என்று பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வருடம் திரும்புவதற்குள் சித்தப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் நடந்தது. அந்த டாக்டரின் வாசலில் அதற்குப் பிறகும் பல வருடங்கள் கூட்டம் குறையவில்லை.

நாற்பத்தைந்து வயதில் நான் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டேன். நந்தனத்தில் பார்த்த டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். எழுதும்போதே, "இது ஸ்டீராய்டு. முகம் உப்பும், வயிறு போடும், கைகால் மட்டும் மெலியும். பசி அதிகமா எடுக்கும், பயப்படாதீங்க, நானே குறைச்சுக்கிட்டு வருவேன். நீங்களா மட்டும் திடீர்னு நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து" என்றார். ரவிக்கையில் தொடங்கி உப்பு மோர்வரை சித்தியின் கதையைச் சொன்னேன். "பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் அந்தப் பொடியில ஸ்டீராய்டு இருந்ததுக்கு அடையாளம்தான்" என்றார். மாதக்கணக்காக வெளியிலிருந்து மருந்து போய்க்கொண்டே இருந்தால், உயிருக்கு வேண்டிய அந்தச் சத்தைத் தானாகச் சுரக்கும் வேலையை உடம்பு மறந்துவிடுமாம். மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போய்விடுமாம்.

அங்கிருந்து நேராக ஆதம்பாக்கத்தில் தம்பி வீட்டிலிருந்த அம்மாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். எழுபது வயதைத் தாண்டியும் சித்தியின் படத்துக்குச் சந்தனம் வைத்து, அவளைப் புண்ணியவதி என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொடியைப் பற்றி, வீங்கிய முகத்தைப் பற்றி, நின்றுபோன மாதவிலக்கைப் பற்றி, விரதத்தைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மறுத்துப் பேசுவாள், அழுவாள், முருகனை இழுப்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அம்மா விரலிலிருந்த சந்தனத்தைக் கிண்ணத்திலேயே திரும்ப வழித்து வைத்தாள்.

"ஏட்டி, அப்பம் அவளுக்கு நெசமாவே பசிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.