பின்சீட்டின் இடது பக்கம்

யாரையும் நம்பச் சொல்லி இதை எழுதவில்லை. நம்பாமல் இருக்க முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வண்டியின் நம்பரை மட்டும் மறைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் இந்தக் குளிர்காலத்தில், டில்லி துவாரகாவில், எனக்கு நடந்தபடியே இருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை முதல் ஷிஃப்டில்தான் இடம் கிடைத்தது. தாமதமானால் அந்தப் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். ஒரு தடவை தவறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்கும். இரண்டு தடவை தவறினால்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பனிமூட்டக் காலத்தில் டாக்ஸிக்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் கேன்சல் செய்துவிடுவார்கள். அதனால்தான் கார் வாங்கினேன்.

சேஷன் என்பவரிடம் வாங்கியது. மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கும்பகோணம் போகிறார் என்று கோவிலில் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷத்துப் பெட்ரோல் செடான். டில்லி சட்டப்படி இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம். விற்றவர் ஒரு பஞ்சாபியாக இருந்திருந்தால் மெக்கானிக்கை அழைத்துப் போயிருப்பேன். ஏன் விற்கிறீர்கள் என்று குடைந்திருப்பேன். இவர் நம் மனிதர். பக்கத்தில் நின்று பிரசாதம் வாங்குகிறவர். அவரிடம் போய் அப்படியெல்லாம் கேட்பது மரியாதையா? இந்த ஊரில் எங்களவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சாவி கைமாறும்போது அவர் மனைவி ஜலஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேஷன் அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமி காபி கலக்க உள்ளே போய்விட்டார்.

முதலில் சின்னச் சின்னக் கோளாறுகள்தான். பழைய வண்டி என்றால் இருக்கும் என்று நினைத்தேன்.

காலையில் பாட்டரி செத்துக் கிடக்கும். புதுசு போட்டேன். மூன்றாம் நாள் அதுவும் செத்தது. எங்கள் செக்டார் மார்க்கெட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பில்லு, எங்கேயோ ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது என்றான். மறுநாள் விடிவதற்கு முன் பார்க்கிங்கில் போய்ப் பார்த்தேன். கார் வரிசையில் எங்கள் வண்டிக்குள் மட்டும் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால்தான் அது எரியும். நாலு கதவும் மூடியிருந்தன. நான் கிட்டே போனேன்.

'க்ளிக்.'

அணைந்துவிட்டது.

அடுத்து, வண்டியின் பின்புறம் இடது பக்கமாகச் சாய்ந்தது. பில்லு ஸ்பிரிங்கை மாற்றினான். இரண்டே நாளில் மறுபடி சாய்ந்தது. அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"அரே சாப், சாசுமாவைப் பின்னாடி உட்கார வெச்சுட்டு எறக்கி விடவே மாட்டீங்களா?"

நானும் சிரித்தேன். என் மாமியார் திருச்சியில் இருக்கிறார்.

பிறகு அந்தக் கதவு. பின்பக்க இடது கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. பில்லு கதவின் ஓரத்தில் இருந்த சின்ன நெம்புகோலைக் காட்டினான். சைல்ட் லாக். அதைக் கீழே தள்ளிவிட்டால் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கலாம். குழந்தைகள் ஓடும் வண்டியில் திறந்துவிடாமல் இருப்பதற்காக. அவன் மேலே தள்ளிவிட்டான். மறுநாள் அது கீழே இருந்தது.

எங்கள் வீட்டில் குழந்தை இல்லை.

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு குறைவு. அம்மா போன பிறகு இன்னும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அரை மணி நேரமும் இருவரும் வாய் திறக்க மாட்டோம். எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். அதன் எடை எனக்குத் தெரியும். அதனால்தான் அது மாறியதும் தெரிந்துவிட்டது. பழைய மௌனத்தில் அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது தலையை இடது பக்கம் சாய்த்து, பக்கத்தில் யாரோ தணிந்த குரலில் சொல்வதைக் கேட்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இடது பக்கம் உட்காருகிறவர், வலது பக்கம் நகர்ந்திருந்தார்.

"என்னப்பா, அந்தப் பக்கம்தானே எறங்க சௌகரியம்?"

"இருக்கட்டும்."

கண்ணாடியில் பார்த்தேன். இடது ஜன்னலில், உள்பக்கமாக, முகம் இருக்கவேண்டிய உயரத்தில் ஒரு சின்ன வெண்மை. மூச்சுப் பட்டதுபோல. அது விரிந்தது... சுருங்கியது... விரிந்தது.

அப்பா வலது ஜன்னலோரம் இருந்தார்.

டிசம்பர் கடைசி. வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பவே இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் படுக்கை போய்விட்டது. ஒரு தடவை தவறிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே மூச்சு விட்டார். திங்கட்கிழமை போயே ஆகவேண்டும்.

ஆறு இருபதுக்கு, செக்டார் சாலையின் நடுவில் வண்டி நின்றது. சுற்றிலும் பனி. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சாவியைத் திருப்பினேன். டிக்... டிக்... டிக். அவ்வளவுதான். போனில் மூன்று டாக்ஸி கேன்சல். பின்னால் அப்பாவின் மூச்சு இழுத்தது.

மஞ்சள் விளக்குகள் மினுக்க ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து நின்றது. ஹரியானா நம்பர். ஓட்டிவந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பின்சீட்டின் இடது ஜன்னலோரம் மெரூன் கோட்டுப் போட்ட ஒரு பள்ளிச் சிறுமி.

"பாட்டரியா பாய்சாப்? ஒயர் இருக்கு. இவ ஸ்கூல் பஸ்ஸை விட்டுட்டா. பரவாயில்லை, அஞ்சு நிமிஷம்தானே."

இரண்டு பாட்டரிகளையும் ஒயரால் இணைத்தார். நான் சாவியைத் திருப்பினேன்.

டிக்... டிக்.

மறுபடி. டிக்.

"அஜீப் பாத் ஹை," என்றார் அவர். வினோதமாக இருக்கிறது என்று. நான் இறங்கிப் போய் ஒயரை அசைத்துப் பார்த்தேன்.

டொக்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

டொக். டொக்.

அப்பாதான் கூப்பிடுகிறார் என்று பின்னால் போனேன். அப்பாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. சத்தம் இடது ஜன்னலிலிருந்து வந்தது.

"அச்சுதா..." அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "கதவைத் திறந்து விடுடா."

"குளிர்றதுப்பா. வேண்டாம்."

"அவர் எறங்கணும்கறார்."

"யாரு?"

அப்பா இடது பக்கம் மட்டும் பார்த்தார். அங்கே காலி சீட். அதன் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

திறந்தேன்.

வெளியில் இருந்த குளிரைவிடக் குளிராக ஏதோ உள்ளிருந்து வெளியே வந்தது. என் முழங்காலை உரசிக்கொண்டு போனது.

க்ரீ...ச்.

வண்டியின் இடது பக்கம் மெல்ல உயர்ந்தது. ஒரு ஆள் இறங்கினால் உயர்வதுபோல.

ஜன்னலில் இருந்த வெண்மை மறைந்தது.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே இஞ்சின் பிடித்தது.

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினார். ஜல்தி போங்கள் என்று கையசைத்தார். அவர் வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். அந்தச் சிறுமி ஜன்னலோரத்தை விட்டு வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். வண்டியின் பின்புறம் இடது பக்கமாகத் தாழ்ந்திருந்தது. அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரத்தில் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

பனி அந்த வண்டியை விழுங்கிவிட்டது.

அப்பாவுக்கு அன்று படுக்கை கிடைத்தது. பிழைத்துக்கொண்டார். அந்தக் காலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. பழையபடி இடது ஜன்னலோரத்தில் அப்பா உட்காருகிறார். எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். ஜலஜா மாமி எடுத்தார்.

"அந்தக் கதவுக்கு சைல்ட் லாக் எதுக்கு மாமி போட்டேள்?"

நீண்ட மௌனம். மௌனங்களோடு வாழ்கிறவன் நான். ஆனாலும் போனை வைத்துவிடலாமா என்று இருந்தது.

"என் மாமியாருக்காகப் போட்டோம். ஓடற வண்டியிலே கதவைத் திறக்கப் போவார். பக்கத்துல இருக்கறவர் எறங்கணும்கறார்னு சொல்லிண்டே இருப்பார். வயசாச்சு, புத்தி தடுமாறறதுன்னு நெனச்சோம். நாங்க திறந்து விடலே. மூணே மாசம்தான். டாக்டர்கிட்ட போற வழியிலே, பின்சீட்லேயே போயிட்டார். இடது பக்கமா சாஞ்சிண்டு இருந்தார். அங்கே சாஞ்சுக்க ஒண்ணுமே இல்லே. ஆனா விழலே."

"எப்படி மாமி ஆரம்பிச்சது?"

"ஒருநாள் கார்த்தாலே ஒரே பனி. வழியிலே யாரோ ஒருத்தர் வண்டி நின்னுடுத்துன்னு இவர் ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தார். பரோபகாரம். அந்த மனுஷன் கிளம்பறதுக்கு முன்னாடி அவன் வண்டியோட பின் கதவைத் திறந்து விட்டான். அதுலேர்ந்து யாரும் எறங்கலே. நாங்க திரும்பி வந்து ஏறினா, மாமியார் ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்து உக்காந்துண்டிருக்கார். யாருக்கோ எடம் விட்ட மாதிரி."

அந்த வெள்ளைக் காரின் நம்பரை நான் பார்க்கவில்லை. ஹரியானா என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. மெரூன் கோட்டுப் போடும் பள்ளிகள் இந்தப் பக்கத்தில் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் காலையில் போய் நின்று, வந்து நிற்கும் வண்டிகளின் பின்சக்கரங்களைப் பார்த்தேன். ஒரு பள்ளியில் காவலாளி போலீஸைக் கூப்பிடுவேன் என்று விரட்டினான். அவனிடம் என்ன சொல்ல முடியும்?

அந்தச் சிறுமிக்குப் பத்து வயது இருக்கும்.

இப்போது மார்ச் முடியப் போகிறது.