மாலை போட்ட படம்

பிளாக்டவுன் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நான் யாரைப் பற்றிப் பேச வந்தேனோ அந்த அமெரிக்கரின் படம். அதற்கு ஒரு பூமாலை வேறு.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களான எங்கள் வாசகர் வட்டத்தில் எந்தக் கூட்டமும் அகவணக்கத்தோடுதான் தொடங்கும். எழுந்து ஒரு நிமிடம் நிற்போம், பிறகு வரிசையாகப் போய் எங்கள் போரில் இறந்தவர்களின் படத்துக்குப் பூ வைப்போம். அன்று என் தலைப்பு, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசியல்வாதியாக இருந்த ஒரு வக்கீலின் வாழ்க்கை. எங்களுக்குத் தனிநாடு கேட்ட தலைவரும் ஒரு வக்கீல்தான்; தனிநாடு கேட்ட வக்கீல் என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்?

பழியை அவர்கள் மேல் மட்டும் போட முடியாது. நானே அப்படி மயங்கித்தான் தலைப்பைக் கொடுத்தேன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி வேலை முடிந்து ரயிலில் வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது: அந்த மனிதர் பிரிந்து போகக் கேட்டதே அடிமைகளை வைத்திருப்பதற்காக. அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். மாலையை எதிர்பார்க்கவில்லை.

பத்து வருடமாக அந்த வட்டத்தில் மற்றவர்கள் உட்காரக் கதிரை அடுக்கிய எனக்கு மேடை கிடைத்தது அதுதான் முதல் தடவை. பேசாமல் பூ வைத்தால் மரியாதையோடு வீடு போகலாம். வாயைத் திறந்தால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் கோபம் வந்தால் எனக்கு யோசிக்க வராது. நேரே போய் மாலையைக் கழற்றினேன்.

வட்டத்தின் செயலாளர் ஓடி வந்தார். "என்ன தங்கச்சி செய்யிறியள்? அவரும் எங்களைப் போலத் தனிநாடு கேட்டவர்தானே?"

"ஓம் அண்ணை, கேட்டவர். ஆக்களை ஆடுமாடு மாதிரி வித்து வாங்கிறதுக்குக் கேட்டவர். நாங்கள் அதுக்கோ கேட்டனாங்கள்?"

அவர் முகம் சிவந்தது. நானும் சண்டைக்குத் தயாரானேன். அவர் படத்தைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மேசைக்கு அடியில் குப்புற வைத்தார்.

"அப்ப இந்தப் பூவை ஆருக்கு வைக்கிறது?"

"அவர் அடிமையா வைச்சிருந்த சனத்துக்கு, அண்ணை. அவையின்ரை படம் எனக்குக் கிடைக்கேல்லை."

அவரே மைக்கைப் பிடித்து நான் சொன்னதை அப்படியே சபைக்குச் சொன்னார். "எல்லாரும் எழும்புங்கோ" என்றார்.

எழுந்தார்கள். முன்வரிசையில் கைத்தடியோடு இருந்த அங்கிளும் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து வெறும் மேசையில் பூ வைத்தார்கள். கடைசியாக வைத்தவள் நான். எங்கள் சனத்தை நினைத்து அதற்கு முன் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதற்குப் பிறகுதான் மேடை ஏறினேன்.