செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த கம்ப்யூட்டர்

கண்ணுகளா, உங்கள் பெரியக்கா டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே எம்.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்தில் அந்த வகுப்பு நடக்கும் தனியார் மையத்துக்குப் போவாள். ஒரு வருஷம் கழித்து நானும் ஒருநாள் கூடப் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே எல்லாக் கம்ப்யூட்டர்களும் துணி போட்டு மூடி இருந்தன.

“இதை எப்ப கண்ணு தொடுவீங்க?” என்று அவளிடம் கேட்டேன்.

“தூசி பட்டாக் கெட்டுருமாம்ப்பா. நோட்டுலதான் எழுதறோம்.”

துணியைத் தூக்கினேன். வெறும் கூடு, ஒயர்கூட இல்லை. நேராக மையம் நடத்துபவரிடம் போனேன்.

“ஏனுங்க சார், இந்தப் பொம்மைக்கா எம்புள்ளைய ஒரு வருஷமாச் செருப்பக் கழட்ட வெச்சீங்க?”

“பரீட்சை எழுதத்தானுங்க போறாங்க, மெஷினையா ஓட்டப் போறாங்க?” என்று சிரித்தார் அவர்.

வீணாய்ப் போன அந்த ஒரு வருஷம் போனதுதான். அவளை அன்றே நிறுத்தி, வேறு மையத்தில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே சேர்த்தேன்.

மறுநாள் தனியாக, மலைமேல் நம் செம்மேடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே ஒட்டியிருந்த பழைய மையத்தின் நோட்டீஸுக்குக் கீழே, ‘துணியைத் தூக்கிப் பார்த்துச் சேரவும்’ என்று கரியால் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.