செப்புக்குடத்துத் தண்ணீரும் சிவப்பு இறாலும்

ஆவணியில் மகனுக்குக் கல்யாணம் முடிந்தது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த மருமகள் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது மீன். அவள் சிநேகிதிகள் கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடித் தொட்டி ஒன்று டிவி பக்கத்தில் காலியாக இருந்தது. ஒரு குடத் தண்ணீர்கூடக் கொள்ளாது. மகன் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அந்தத் தொட்டியைத் துடைப்பாள், பார்ப்பாள், மறுபடியும் துடைப்பாள். புது இடத்தில் ஒட்டிக்கொள்ள ஏதாவது தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இந்தப் பெண் என்னோடு ஒட்ட வேண்டுமே என்கிற கவலை எனக்கும் இருந்தது.

பஸ் பிடித்து மந்தாரக்குப்பம் போனோம். கலர் மீன் விற்கிற கடையில் நான் தங்க மீனைக் காட்டினேன். லட்சுமிகரமாக மின்னியது. கடைக்காரர் மருமகளின் போனில் தொட்டியின் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதுக்கு கோல்டு ஃபிஷ் ஆவாதும்மா. அது வளந்துக்கினே போவும். கழிவு ஜாஸ்தி. அவ்ளோ கொஞ்சம் தண்ணி தாங்காது."

"அப்ப கப்பி மீனு?" என்றாள் மருமகள்.

"குட்டி போட்டு நெறஞ்சிடும். ஒத்த ஃபைட்டர் மீனு வைங்க. இல்லன்னா இந்தச் சின்ன எறா வைங்க. அதுகூட இப்ப வேணாம். தண்ணியும் பாசியும் போட்டு கொஞ்ச நாள் விட்டுட்டு அப்புறம் வாங்க."

விற்க உட்கார்ந்திருப்பவர் இது வேண்டாம், அது வேண்டாம், இன்றைக்கே வேண்டாம் என்றால் அதில் என்னமோ இருக்கிறது. போகாத சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அதுவும் புரட்டாசி பிறக்கப்போகிற நேரத்தில் இறாலாம்.

"பெருமாள் மாசத்துல எங்க வூட்டுக்குள்ள முட்டையே வராதுங்க. எறாவ வாங்கினு போவச் சொல்றீங்களா?"

"கொழம்பு வைக்கவாம்மா சொன்னேன்? பாத்துக்கினு இருக்கத்தானே சொன்னேன்."

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அவள் கண் அந்தச் சிவப்பு இறால்கள் மேலேயே இருந்தது. சரி என்றேன்.

சொன்னபடி பாசி வைத்து, பொறுத்து, புரட்டாசி பிறந்த பிறகுதான் வாங்கி வந்தோம். ஒவ்வொன்றும் விரல் நக நீளம்தான். நாளெல்லாம் முன்னங்காலால் பாசியைக் கொறித்துக்கொண்டே இருந்தன. சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்துத் தளிகை போட வேண்டிய வீட்டில் இதென்ன என்று எனக்கு உறுத்தல்தான். பூஜை அறைக் கதவைச் சாத்தியே வைத்தேன். மருமகளும் அதைக் கவனித்தாள்.

ஒரு சனிக்கிழமை தளிகை போட்டு, கற்பூரம் காட்டி, வழக்கம்போல் வீடெல்லாம் தீர்த்தம் தெளித்தேன். மறுநாள் காலையில் இறால்கள் எல்லாம் அடியில் வெளுத்துக் கிடந்தன.

மருமகள் அழவில்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நேத்து இதுக்குள்ள தீர்த்தம் தெளிச்சீங்களா அத்த?"

"நான் ஏம்மா அதுல தெளிக்கப்போறேன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற குரல் அப்படி இருக்காது. அன்று முழுக்க என்னைக் கேட்காமலே எல்லா வேலையும் செய்தாள். நான் சாம்பிராணித் தட்டை எடுத்தால்கூடக் கண் என் கைமேல் வந்தது. மருமகள் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் வாயில்லாத உயிரைக் கொன்றவள் என்று அவள் மனசில் ஆகிவிட்டேன். பெருமாளே, இது எதற்கு என்று இருந்தது. எனக்கோ கடைக்காரர் மேல்தான் சந்தேகம். நோய் பிடித்ததைக் கொடுத்திருப்பார். அதை அவர் வாயாலேயே இவள் கேட்கட்டும் என்று மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி மாத்துனீங்களா?"

"வெள்ளிக்கிழம சாயங்காலம் பாதி மாத்துனேன்," என்றாள் மருமகள்.

"கொழாத் தண்ணிய நேரா ஊத்துனீங்களா?"

"இல்லண்ணா. நீங்க சொன்னாப்ல மொத நாள் புடிச்சு வச்சதுதான். பூஜை ரூம்ல அத்தையோட செப்புக் குடத்துல எப்பவும் தண்ணி இருக்கும். அதான் நல்ல தண்ணின்னு மொண்டு ஊத்துனேன்."

"போச்சு. செம்புல ஊறுன தண்ணி எறாவுக்கு வெஷம்மா. துளி போதும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க பெருமாளுக்கு வைக்கிற தண்ணிங்க அது."

"பெருமாளுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. எறாவுக்குத்தான்."

தினமும் நானே குடிக்கிற தண்ணீர். அது ஒரு உயிரை எடுக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனால் அந்த நிமிடம் மருமகளின் முகத்தைத்தான் பார்த்தேன். கழுத்துவரை சிவந்துபோயிருந்தது. என் மேல் நம்பிக்கை வைத்துத்தான் என் குடத்தில் மொண்டிருக்கிறாள்.

கடைக்கு வெளியே வந்ததும் கேட்டேன். "என்மேல சந்தேகப்பட்ட இல்ல?"

"ஆமா அத்த," என்றாள். மறைக்கவில்லை. "எறா புடிக்காம ஏதோ பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குப் புடிக்கலதான். அதுக்காகக் கொல்லுவனா?"

"தப்புதான் அத்த." கொஞ்சம் தள்ளி நின்றாள். "இனிமே எதுவும் வேணாம். தொட்டிய அட்டைப் பெட்டியில வச்சு மேல தூக்கி வச்சிடறேன்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தத் தொட்டி பரண்மேல் போனால் இந்தப் பேச்சும் கூடவே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"கழுவி வையி. பாசி போடு. தயாரானதும் வந்து வாங்கலாம்."

"ஃபைட்டரா?"

"எறாவே வாங்கு."

"புரட்டாசி முடியட்டுமா அத்த?"

"எதுக்கு? கொழம்பா வைக்கப்போற?"

இந்த முறை யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. என்னைப் பார்த்துத்தான்.

"ஆனா தண்ணி மாத்தும்போது நான் பக்கத்துல இருப்பேன்," என்றேன்.

"நீங்க தீர்த்தம் தெளிக்கும்போது நானும் இருப்பேன் அத்த."

சரி என்று, தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்க எதிர்க்கடைக்குப் போனோம்.