வெள்ளைச் சீட்டு

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதையும் நாங்கள் எடுப்பதில்லை, சீட்டுதான் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வழியை எழுதி எவர்சில்வர் டப்பாவில் போடுவோம். ஜெபம் பண்ணிக் குலுக்கி ஒன்றை எடுப்போம். வந்ததுதான் ஆண்டவருடைய சித்தம். அப்பா ராணிப்பேட்டை வேலையை விட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு மாறியது அப்படித்தான். வேலூரில் நர்ஸாக இருக்கும் அம்மா, சவூதியில் வேலை கிடைத்தும் போகாமல் நின்றதும் அப்படித்தான். வந்த சீட்டை எதிர்த்து யாரும் முணுமுணுத்ததுகூட இல்லை. அதனால், போன வருடம் என் படிப்பும் அந்த டப்பாவுக்குள் போகப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

வேலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலமும் ஊடக எழுத்தும் படிக்கிறேன். இரண்டாம் வருடம் முடியும்போது இலக்கியம், இதழியல், தொழில்நுட்ப எழுத்து ஆகியவற்றில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி வருடம் முழுக்க அதுதான். அப்பாவுக்கு நான் இலக்கியம் எடுக்க வேண்டும், அப்புறம் பி.எட்., அப்புறம் டீச்சர். அம்மாவுக்குத் தொழில்நுட்ப எழுத்து. மருந்துக்கும் மெஷினுக்கும் விளக்கம் எழுதுகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்தே நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்று வார்டில் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். என்னைக் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றேன். மதில்மேல் பூனை என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் குதிப்பது என்று பூனை எப்போதோ முடிவு செய்துவிட்டது. வாய் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்லை.

எனக்கு வேண்டியது இதழியல். அந்த ஆசை எப்போது பிடித்தது என்றும் தெரியும். வகுப்புக்காக யாரையாவது பேட்டி எடுத்து எழுதச் சொன்னார்கள். காலையில் ஹைவே ஓரத்தில் ஷூ கம்பெனி வேனுக்காக நிற்கும் பெண்களிடம் போனேன். நானும் தினமும் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஆனால் அவர்களில் ஒருத்தரிடமும் அதுவரை பேசியதில்லை.

"இன்னாத்துக்குமா கேக்குற? டிவில வருமா?" என்றார் ஒரு அக்கா.

"இல்லக்கா, காலேஜ் பேப்பர்ல வரும்."

"அப்ப கம்மியா சொல்றேன்."

கம்மியாக ஆரம்பித்தவர் வேன் வரும்வரை நிறுத்தவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக, "நாளைக்கும் வா, மீதிய சொல்றேன்" என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. கேட்டால் சொல்கிறார்கள்! இதற்கு மார்க்கும் போடுகிறார்கள் என்றால், கரும்பு தின்னக் கூலியா? மறுநாளும் போனேன்.

கல்லூரியில் பிரிவைச் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டு முடித்த கையோடு அம்மா டப்பாவை எடுத்து வந்தாள். இரண்டே சீட்டு எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"மூணு பிரிவு இருக்கும்மா. மூணையும் போட்டாதான ஆண்டவர் சரியா எடுத்துக் குடுப்பாரு?" என்றேன்.

அம்மா என்னை முறைத்துக்கொண்டே இதழியலையும் எழுதினாள். பிறகு வழக்கம்போல, எதுவும் எழுதாத வெள்ளைச் சீட்டு ஒன்றையும் மடித்துப் போட்டாள். நாம் எழுதியதற்குள்ளேயே ஆண்டவரை அடைத்து வைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. எனக்கு நினைவு தெரிந்து அந்தச் சீட்டு ஒருமுறைகூட வந்ததில்லை. வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் யோசித்து வைக்கவும் இல்லை.

ஜெபம் நீண்டது. அப்பா பி.எட். வரைக்கும் ஜெபித்தார். என்னையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

"திருப்பிப் பாரு" என்றார் அப்பா. பின்பக்கமும் வெள்ளைதான்.

"இப்ப எதுவும் வேணாம், காத்திருன்றாரு" என்றாள் அம்மா.

"காலேஜ்ல காத்திருக்க மாட்டாங்கம்மா. நாளைக்குச் சொல்லியாவணும்."

"எதுவா இருந்தாலும் சரின்றாரு. அப்ப இலக்கியமே எடுத்துக்கோ" என்றார் அப்பா.

"இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு விஷயத்த ரெண்டு தடவ கேட்டு ஆண்டவர பேஜார் பண்ணக் கூடாது" என்றார் அப்பா.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடம் விட்டிருக்கிறார், எழுத வேண்டியது நான்தான் என்று பட்டது. அம்மாவின் பேனாவை எடுத்து அதில் இதழியல் என்று எழுதி, மேசைமேல் வைத்தேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆழம் தெரியாம கால விடாதம்மா" என்றார் அப்பா. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "நாளைக்கு எங்க கம்பெனியப் பத்தி எழுதச் சொன்னா இன்னா பண்ணுவ?"

பெண்பிள்ளை ஊர் சுற்றுவாளே என்றுதான் அவர் கவலைப்படுவார் என்று அதுவரை நினைத்திருந்தேன். இது வேறு. அவர் அந்த ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எங்கள் சோறு அந்தத் தோலிலிருந்து வருகிறது. ஊரே தோல் தொழிலில் பிழைக்கும் ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு தோலைத் தொடாமல் செய்தி எழுத முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதெல்லாம் எழுத மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவரிடமே பொய் சொல்லிவிட்டு அந்த வகுப்பில் போய் எப்படி உட்காருவது?

"எழுதுவேன்ப்பா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நல்லது இருந்தா நல்லது, கெட்டது இருந்தா கெட்டது."

"இன்னாங்க, ஏதாவது சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா சீட்டைக் கையில் எடுத்து, தைத்து வந்த ஷூவைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தார். "எழுது. ஆனா ஊர்ல இருக்குறவன்லாம் சொல்றதக் கேட்டு எழுதாத. மொதல்ல என்னக் கேளு. உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை மறுபடியும் எடுத்தேன்.

"காலைல உள்ள போனதுலருந்து சொல்லுங்கப்பா" என்றேன்.