போல்ட் அக்கா சுத்தம் செய்த திடல்

முலாம் பட்டறையில் பதினெட்டு வருடம் அவள் பார்த்த வேலை, காட்மியத் தொட்டியிலிருந்து வெளிவரும் போல்ட்டுகளை அலசிக் காயவைப்பது. அதனால் தெருவுக்கே அவள் போல்ட் அக்கா. முதலாளி சொன்னபடி அலசிய தண்ணீரை வாளி வாளியாகப் பின்பக்கத் திடலில் கொட்டியதும் அவள்தான்.

பட்டறை மூடியபின் திடல் தெருவுக்குப் பொதுவிடமாக வந்தது. காய்கறி போடலாம் என்று எல்லோரும் கிளம்பியபோது, மண்ணைப் பரிசோதித்த ஆய்வகத்துப் பெண் தடுத்துவிட்டாள். காட்மியம் அனுமதித்த அளவைப் போல நாலு மடங்கு இருந்தது. விளைவதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். கடுகு விதைத்தால் அது காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கும்; செடியை வெட்டி அகற்றிக்கொண்டே இருந்தால் மண் தேறும், ஆனால் வருடக்கணக்காகும் என்றாள்.

"யாரு அவ்வளவு நாள் பார்த்துக்குவாங்க?" என்றார் ஒருவர்.

"நான் பார்த்துக்கறேன்," என்றாள் போல்ட் அக்கா. "கொட்டினது இந்தக் கைதானே."

"தோட்டம் போட்டவ வீட்டுக்கே ஒரு இணுக்குக் கீரை வராத அதிசயம் இங்கதான்," என்று சலூன் வைத்திருந்த அவள் கணவர் கிண்டலடித்தார். ஆனாலும் கடை விடுமுறையில் வந்து, ஆடு நுழையாதபடி வேலி கட்டிக்கொடுத்தார்.

இரண்டு வருடத்தில் நாலு அறுவடை. அளவு அசையவே இல்லை. மண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா என்று தெருவில் அவளைக் கேலி பேசினார்கள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு மதியம் களை பிடுங்கக் குனிந்தவள், பழுத்து உதிர்ந்த இலைகள் மண்ணோடு மக்கிக்கிடப்பதைப் பார்த்தாள். உடனே ஆய்வகத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், இலைதானே விஷத்தை எடுக்குது? அது திரும்ப மண்ணுலயே விழுது. அழுக்குத் தண்ணியிலயே போல்ட்டை அலசுற மாதிரி இல்ல இருக்கு?"

மறுமுனையில் ஆய்வகத்துப் பெண் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நீங்க சொல்றது சரிக்கா. நாங்க யாரும் இதைக் கவனிக்கல."

அதன்பின் இலை பழுக்குமுன்பே வெட்டினாள். உதிர்ந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். எல்லாம் மூடிய பீப்பாய்களில் அடைபட்டு நச்சுக்கழிவு லாரியில் போனது. அடுத்த பரிசோதனையிலேயே அளவு இறங்கியது. அப்புறம் ஒவ்வொரு அறுவடைக்கும் இறங்கிக்கொண்டே வந்தது.

ஏழாம் வருடம் ஆய்வகத்துப் பெண் தாளோடு நேரிலேயே வந்தாள். "அளவுக்குக் கீழ வந்துடுச்சுக்கா. மூணு தடவை பார்த்துட்டேன்."

"தண்ணி கொட்டின அந்த மூலை?"

"அந்த மூலையும்தான்."

செய்தி கேட்டுக் கணவர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார். பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளரும் பின்னாலேயே வந்தார். போல்ட் அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த வருடமே தக்காளி போட்டார்கள். முதல் கூடையை ஆய்வகம் சோதித்து, சுத்தம் என்றது. அவள் தின்னாமல் தாங்கள் தொடமாட்டோம் என்று தெருவே நின்றது. அவள் ஒன்றைக் கழுவிக் கடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"தக்காளி மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.